மகள் தனியாக வைத்த உலை

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு என் மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். அவளை இறக்கிவிட்ட ஷேர் ஆட்டோவின் சத்தம் இன்னும் தெருமுனையில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் மறுநாளைக்குக் கொள்ளு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஏம்மா அங்கியே நிக்கிற, உள்ள வா" என்றேன். அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றில் வைத்தபடி, பஸ் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்பா, மறுபடியும் வந்துடுச்சுப்பா."

கையிலிருந்த கொள்ளுப் பாத்திரத்தை எப்போது கீழே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. ராத்திரி அதைத் துணி துவைக்கும் கல்லின் மேல் மனைவி கண்டெடுத்தாள்.

அந்த 'மறுபடியும்' எங்கள் வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்த சொல். முதல் தடவை வந்தபோது இரண்டு வருடங்கள் அவளுக்கு ஒரே சீருடை போதுமானதாக இருந்தது. மற்ற பெற்றோர்கள் ஜூன் மாதம் வந்தால் பாவாடை ஏறிப்போச்சு, ஷூ கடிக்குது என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த அலுப்பு வாய்க்கவில்லை. கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல், வாயோரம் புண், தலை வாரினால் சீப்பு நிறைய முடி. பூச்சி மாத்திரை கொடுத்தோம், டானிக் கொடுத்தோம், முருங்கைக்கீரை கொடுத்தோம். அவள் உடம்பு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளியூண்டு எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த டாக்டரம்மா எங்கள் ஊர்ப் பெயரைச் சீட்டில் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். "காஞ்சிபுரமா? அப்போ துணியப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேணாம். குடலுக்குள்ள தேங்காய்ப்பூ டவல் மாதிரி இருக்கும் சார். பொசுபொசுன்னு, சின்னச் சின்னதா நீட்டிக்கிட்டு. அதுதான் சாப்பாட்டுல இருக்கிற சத்தை உறிஞ்சும். உங்க பொண்ணுக்குக் கோதுமை ஒத்துக்கல. அது உள்ள போகப் போக, டவல் எல்லாம் வேட்டி மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு."

நான் கேட்டது ஒன்றுதான். "திரும்ப வளருமா மேடம்?"

"வளரும். கோதுமைய நிறுத்துங்க, மைதா, ரவை, சேமியா, பார்லி எல்லாத்தையும் நிறுத்துங்க. தானா வளரும். இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் கிடையாது, சாப்பாடுதான். வீட்ல சமையல் யாரு?"

மனைவி என்னைக் காட்டினாள். டாக்டரம்மா சிரித்தார். "அப்போ மருந்து நீங்கதான் சார்."

சமையல் என் கைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மனைவி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள், காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். நான் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக யாளியும் மயிலும் வரைந்து கொடுத்தால், அது அட்டையில் துளையாகி, தறியில் சரிகையாக வரும். வீட்டிலேயே வேலை. அதனால் அடுப்பும் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அப்படித்தான். ஆகவே சத்தான சைவச் சமையல் என்பது எங்களுக்குப் புதிய பாடம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நாங்கள் சத்து என்று நம்பியதில் பாதி கோதுமை. ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை உப்புமா. அந்த டப்பாக்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, சப்பாத்தி சுட்ட தோசைக்கல்லையே மாற்றிப் புதிதாக வாங்கினேன்.

முதலில் பயந்து பயந்து சமைத்தேன். இட்லி, தயிர்சாதம், அரிசிக் கஞ்சி, வேகவைத்த பூசணி. அவ்வளவுதான் கொடுத்தேன். அதற்கே அந்த உடம்பு பதில் சொன்னது. ஒரு நாள் காலை அவளுக்குப் பின்னல் போடும்போது நெற்றி ஓரத்தில் குட்டி முடி முளைத்திருப்பதைப் பார்த்தேன். கையில் ரிப்பனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நான் ஒருபோதும் பார்க்க முடியாத ஓர் இருட்டில், அந்த டவலும் இப்படித்தானே முளைத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. வெறும் அரிசியும் தயிரும் உள்ளே போய் இந்த வேலையைச் செய்கின்றன. யார் சொல்லிக்கொடுத்தது அதற்கு? நான் கோயிலுக்கு அதிகம் போகிறவன் அல்ல. அன்று கைலாசநாதர் கோயில் வரை நடந்துபோய், புல்தரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சாமைப் பொங்கல் செய்தேன், வரகரிசிப் புளியோதரை செய்தேன். வாழைத்தண்டை நார் எடுத்துப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தேன். மழை முடிந்து மொச்சைக் காலம் வந்தது. மொச்சைக் குழம்பு, காராமணிச் சுண்டல், கொள்ளு ரசம், தட்டைப்பயறு என்று இறங்கிவிட்டேன். பயறு என்றால் வாயு. வாயுவுக்குப் பெருங்காயம். இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. நெருப்பு சுடும் என்பதைப் போல அது எனக்குத் தெரிந்த விஷயம். கடையில் கட்டிப் பெருங்காயம் உதிரியாகப் பேப்பரில் மடித்து வாங்கி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்திருப்பேன். எது கொதித்தாலும் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி. பயறு அதிகமானால் இரண்டு.

அப்படி இருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா ஐயம்பேட்டையில் இருக்கிறாள். அவளும் மாமாவும் ஆளுக்கொரு தறி போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். என் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா இது, நல்லா தேறிக்கினு வந்த பொண்ணு, மறுபடி குச்சியாட்டம் நிக்குது? இன்னாத்த போட்ட?"

"எல்லாம் நல்லதுதான்க்கா போட்டேன். கொள்ளு, மொச்சை..."

"கொள்ளு குதிரைக்குப் போடுவாங்க. இத பாத்தா உனுக்குக் குதிரையாட்டமா தெரியுது?"

"அத்த, அப்பாவுக்கு யூடியூப்தான் அத்த குரு" என்றாள் மகள், படுத்திருந்த இடத்திலிருந்து. வலியிலும் அவளுக்கு வாய் குறையாது.

"வாயு புடிச்சிருக்குது, வேற ஒண்ணும் இல்ல" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். "பெருங்காயத்த மோர்ல கரச்சு மூணு வேளைக்கும் குடு. கொஞ்சம் குழச்சு தொப்புள சுத்தி தடவு. ரெண்டு நாளுல சரியாவலன்னா என்ன கேளு."

கொடுத்தேன். தடவினேன். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். இரண்டு நாளில் சரியாகவில்லை. வாயோரப் புண் திரும்ப வந்தது. இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தேன்.

சென்னைக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மாவின் முகத்தில் முன்பு இருந்த சிரிப்பு இல்லை. "கோதுமைக்கு எதிரா ரத்தத்துல இருக்கிற அளவு நல்லா இறங்கி வந்தது, மறுபடி ஏறியிருக்குது. எங்கியோ கோதுமை உள்ள போகுது. வெளிய எதாவது சாப்பிடுறியாம்மா? பப்ஸ், சமோசா, பிஸ்கட்?"

"இல்ல மேடம்."

"ஃப்ரெண்ட்ஸ் குடுத்தா?"

"வாங்க மாட்டேன் மேடம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். நாங்கள் மூன்று பெரியவர்களும் பார்த்துக்கொண்டதை என் மகள் பார்த்துவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். வாலாஜாபாத் தாண்டும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அடிக்க மாட்டேன்மா, சொல்லு. ஆசையா இருந்து ஒரே ஒரு வாட்டி தின்னிருந்தாலும் சொல்லு." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்னுடைய பயம் எந்த அளவுக்குப் போனது என்றால், அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய், எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நின்றுகொண்டேன். வாசலில் சமோசா வண்டி. பிள்ளைகள் மொய்த்தார்கள். என் மகள் வெளியே வந்தாள். அவள் தோழி சமோசாவை நீட்டினாள். இவள் தலையை ஆட்டி மறுத்து, பையிலிருந்து நான் கொடுத்தனுப்பிய சுண்டல் டப்பாவை எடுத்தாள். அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை மேடையில் டங்கென்று வைத்தாள்.

"என்ன வேவு பாக்கறியா நீ?"

"இல்லம்மா, ஒரு பிரிண்ட் எடுக்க..."

"பொய் சொல்லாதப்பா. நான் திருட்டுத்தனமா தின்னுட்டு வந்து உங்கிட்ட வயித்த வலிக்குதுன்னு நடிக்கிறேனா? எனக்கு வலிக்குதுப்பா. வலி வந்தா ஸ்கூல்ல பெஞ்சுல நெத்திய வெச்சு அழுத்திக்கினு உக்காந்திருக்கேன். தெரியுமா உனக்கு?"

எனக்கு அது தெரியாது.

"நீ என்ன நம்பல இல்ல? அப்போ நானும் உன்ன நம்பல. இனிமே உன் சமையல் எனக்கு வேணாம். நானே செஞ்சுக்கறேன்."

அன்று மாலையே அவள் தனி உலை வைத்தாள். ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம். அதில் அரிசி, பாசிப்பருப்பு, ஒரு துண்டு பூசணி, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான். தாளிப்பு இல்லை, பொடி இல்லை. வெந்ததும் மேலே ஒரு ஸ்பூன் நெய். முதல் நாள் அடி பிடித்துவிட்டது. பூசணி கரிந்த வாசனை தெருவரைக்கும் போனது. "குடும்மா, நான் வேற வெச்சுத் தரேன்" என்றேன். என்னைத் தாண்டிப் போய், அந்தத் தீய்ந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். அவளுடைய பிடிவாதத்தைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பதின்மூன்று வயது. பாத்திரத்தைக் கையால் பிடித்துச் சூடு பட்டு, விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு மட்டும் கூப்பிடவில்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. இரும்புச் சத்துக்கு என்ன செய்வாள்? கீரை இல்லாமல், பயறு இல்லாமல், புளி காரம் எதுவும் இல்லாமல் வளர்கிற பிள்ளை எப்படி இருக்கும்? மனைவியிடம் புலம்பினேன். "பசிச்சா வருவா, விடுங்க" என்றாள் அவள். ஆனால் அவளும் பஸ்ஸிலிருந்து போன் செய்து, "இன்னிக்கி என்ன தின்னா?" என்று கேட்பாள். "அதே பருப்புச் சோறு" என்பேன். எங்களுக்கு நான் மொச்சைக் குழம்பு வைத்தேன். அவள் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியறையில் உட்கார்ந்து ஒரு முந்தானை டிசைனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கட்டம் தப்பாக நிரம்பியிருந்தது. ஒரு கட்டம்தானே என்று விட முடியாது. அது அட்டையில் ஏறினால், சேலை முழுக்க ஒவ்வொரு மயிலின் கழுத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி வரும். அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மகள் படிகளைத் தாவித் தாவி ஏறி வந்து, கொடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி அதே வேகத்தில் இறங்கிப் போனாள். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தேன். அவள் படியில் தாவி எத்தனை நாள் ஆயிற்று? கீழே இறங்கி அவளை ஒளிந்து ஒளிந்து பார்த்தேன். வாயோரப் புண் ஆறியிருந்தது. கண்ணில் பழைய மினுக்கு. உப்பலாக நின்ற வயிறு அமுங்கியிருந்தது.

என் சமையலை நிறுத்திய பிறகு அவளுக்குச் சரியாகிவிட்டது.

இந்த ஒரு வரியை எனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மருந்து நீங்கதான் சார் என்று சொல்லி அனுப்பப்பட்டவன் நான்.

அடுப்படியில் போய் நின்றேன். அவள் பாத்திரத்தில் போகிற அரிசி என் அரிசிதான். பருப்பும் உப்பும் நெய்யும் தண்ணீரும் அதே. என் பாத்திரத்தில் மட்டும் போவது என்ன? முதலில் மாவு மில்லில் அரைத்த குழம்புப் பொடியைச் சந்தேகப்பட்டேன். எனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். அதைக் கொட்டினேன். கடுகு முழுசு, மிளகு முழுசு, புளி, காய்ந்த மிளகாய். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, வெளிச்சத்தில் பார்த்து, மேடையை முழுக்கக் காலி செய்தேன். கடைசியாக அந்தப் பெருங்காயக் கிண்ணம் மிஞ்சியது. அதைக் கழுவி வைத்துவிடலாம் என்று கவிழ்த்தேன். தண்ணீர் போன பிறகு அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் ஒட்டியிருந்தது. விரலால் வழித்தேன். சும்மா, பழக்கத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தேன்.

நான் பிறந்தது தறி ஓடிய வீட்டில். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் நாளில், கஞ்சியை இப்படித்தான் இரண்டு விரலில் தேய்த்துப் பதம் பார்ப்பார்கள். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும்போது நாங்கள் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு சொட்டுத் தேய்த்துப் பார்ப்போம். அரிசிக் கஞ்சி வழுக்கும், விரலைப் பிரித்தால் அறுந்துவிடும். அதை என் விரல் மறக்காது. இந்த வண்டல் அறுபடவில்லை. நூல் போல நீண்டது.

பெருங்காயம் பிசின்தானே, பிசின் இழுக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விரல் ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சக் கட்டியை எடுத்து, ஊறிய பகுதியைக் குழாய்த் தண்ணீரில் பிசைந்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து ஓடியது. ஓடி முடிந்ததும் உள்ளங்கையில் சின்ன ரப்பர் உருண்டை மாதிரி ஒன்று நின்றது. சப்பாத்தி மாவு பிசைந்துவிட்டுக் கை கழுவும்போது விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுக்குமே, அதேதான்.

செருப்புக்கூடப் போடாமல் கடைக்குப் போனேன். "அண்ணா, இந்தக் கட்டிப் பெருங்காயத்துல மாவு ஏதாச்சும் சேக்குறாங்களா?"

கடைக்காரர் வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார். "மைதா சேத்துதான் பிசைவாங்க. சுத்தக் காயம்னா நாக்கு எரிஞ்சிடும் சார். ஏன், வாசனை பத்தலையா?"

பத்தாமல் இல்லை. வரும் வழி முழுக்க அந்த வாசனைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் சாம்பாரோ ரசமோ கொதிக்கிறது. ஓட்டலில், கல்யாண மண்டபத்தில், கோயில் மடப்பள்ளியில், இந்த ஊரில் இந்த நேரத்தில் எத்தனை பாத்திரங்களில் அந்தத் துளி விழுந்துகொண்டிருக்கும்! இத்தனை பேர் உடம்பும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. ஒரு பெண்ணின் உடம்பு மட்டும், மொச்சையும் புளியும் மிளகாயும் இத்தனை வாசனைகளும் கலந்த குழம்புக்குள், ஒரு கரண்டித் தண்ணீரில் கரைந்த அந்த மாவை எடுத்து, இதுதான், இதுதான் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர் சொன்னது கேட்டது. அக்கா சொன்னது கேட்டது. அவள் உடம்பு சொன்னதை மட்டும் பெரியவர்கள் யாருக்கும் கேட்கத் தெரியவில்லை. வெயிலில் சுட்ட காலோடு நடுத்தெருவில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்தேன். உள்ளே இருக்கிற அந்தச் சின்ன உடம்பை நினைத்து எனக்கு உடல் சிலிர்த்தது.

மகளிடம் போய் உள்ளங்கையை நீட்டினேன். அந்த உருண்டையை இழுத்துப் பார்த்தாள்.

"ச்சீ, என்னப்பா இது? சூயிங்கமா?"

சொன்னேன். முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

"வயித்து வலிக்கு மோர்ல கரச்சு குடுத்தியே, அதுவா?"

"அதான்மா."

"மூணு வேளையும்!"

"ஆமா."

"தொப்புள்ல வேற தடவுன."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ அப்பா! அத்தையும் நீயும் சேந்து... அம்மா, இங்க வாயேன், ரெண்டு பேரும் சேந்து என்ன பண்ணி வெச்சிருக்காங்க பாரு!" மனைவி வந்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "உன்னப் போய் சந்தேகப்பட்டோமே" என்று மட்டும் சொன்னாள். நான் "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். "பரவால்லப்பா, விடு" என்றாள் மகள்.

ஆனால் அன்று ராத்திரியும் தனி உலைதான்.

"இனிமே போடலம்மா. வீட்ல பெருங்காயமே இல்ல" என்றேன்.

"தெரியும்ப்பா. ஆனா உனக்கே தெரியாம உள்ள போச்சில்ல? இன்னும் எதுல என்ன இருக்குதோ, யாருக்குத் தெரியும்?"

வலி போய்விட்டது, பயம் உட்கார்ந்துவிட்டது. அவள் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு பாத்திரத்துச் சோற்றோடு நின்றுவிடுவாளோ என்ற பயம் எனக்கு வந்தது. ஓர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மாகறல் போனோம். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த பருப்புச் சோற்றைப் பந்தலுக்கு வெளியே, மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தின்றாள். உள்ளே எல்லோரும் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு இலையில் கை போகவில்லை.

அடுத்த பரிசோதனையில் எல்லாம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா காகிதத்தைத் தட்டிச் சிரித்தார். பெருங்காயம் என்றதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "இனிமே வர்ற எல்லாருக்கும் இத சொல்லணும்" என்றார். தனி உலையைப் பற்றிச் சொன்னேன். "அது உடம்புல இல்ல சார், மனசுல. கட்டாயப்படுத்தாதீங்க. நீங்க பாட்டுக்கு சமைங்க" என்றார்.

நான் பாட்டுக்குச் சமைத்தேன். பெருங்காயம் இல்லாமல் எப்படி என்று தவித்த கை, கொஞ்சம் கொஞ்சமாக வேறு வழி கற்றுக்கொண்டது. பயறு வேகும்போது இஞ்சியும் பூண்டும் நசுக்கிப் போட்டேன். ரசத்துக்குச் சீரகம் கூட வைத்தேன். மோருக்குச் சுக்கும் கறிவேப்பிலையும் தட்டினேன். பொடிகளை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்தேன். பெருங்காயம் முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்த வாசனைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துவரம்பருப்பு வேகிறபோது அதற்கென்று ஒரு வாசனை உண்டு. மண்ணும் பாலும் கலந்த மாதிரி. இத்தனை வருடம் சமைத்தும் அது எனக்குத் தெரியாது. அவள் பாத்திரம் ஒரு பர்னரிலும் என் பாத்திரம் இன்னொரு பர்னரிலும் கொதிக்கும். நான் என்ன போடுகிறேன் என்று அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றையும் மூடியைத் திறந்து மெதுவாகப் போடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடைக்கு அரைத்தேன். புழுங்கலரிசி, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, மிளகாய், இஞ்சி. கொரகொரப்பாக அரைத்து, பின்கட்டு மரத்திலிருந்து முருங்கைக்கீரை உருவிப் போட்டேன். தற்செயலாக அக்காவும் வந்திருந்தாள். அடை என்றால் அடுப்படியிலேயே தட்டோடு நின்று, கல்லிலிருந்து எடுக்க எடுக்கத் தின்பது அவள் வழக்கம். கல்லில் மாவைத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, நல்லெண்ணெய் விட்டேன். கீரை பொரிந்து ஓரம் சிவந்தது. முதல் அடை அக்காவுக்கு, இரண்டாவது மனைவிக்கு. பிறகு வரிசையாக மூன்று அக்காவுக்கே.

"பெருங்காயம் இல்லாம அடையா? சும்மா சொல்லக் கூடாதுடா, நல்லாத்தான் இருக்குது. இன்னொண்ணு போடு" என்றாள் அக்கா.

மகளின் பாத்திரம் பக்கத்துப் பர்னரில் இருந்தது. அதில் அரிசி களைந்து வைத்திருந்தாள், இன்னும் பற்றவைக்கவில்லை. அறைக்குள் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். நான் அடுத்த அடையைத் தட்டினேன். கண் அவள் அறைப் பக்கம் போனதில் ஓட்டை ஓரமாகப் போய்விட்டது. எண்ணெய் விட்டுத் திருப்பினேன். கீரை மணம் கூடத்துக்குள் போவதை நான் கண்ணால் பார்ப்பது போல இருந்தது.

முதுகுக்குப் பின்னால் தட்டுகள் அடுக்கியிருக்கும் கூடை கலகலவென்றது. திரும்பவில்லை, திரும்பினால் போய்விடுவாளோ என்று. அக்கா தட்டை நீட்டியபடி நின்றாள். அவளுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மெலிந்த கை இன்னொரு தட்டை நுழைத்தது.

"அத்த, உனக்கு நாலு ஆயிடுச்சு" என்றாள் என் மகள். "நகரு. அடுத்தது எனக்கு."